கணிப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கதைப்போம்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸ், பிக்கரிங் பக்கத்திலும் வாழும் தமிழ் வாக்காளர்களுக்கு,

 

2025 ஏப்ரல் 28இல் கனடாவில் பொதுத்தேர்தல். வருகிற வெள்ளிக்கிழமை முற்கூட்டிய வாக்களிப்பே தொடங்குகிறது. உங்களில் பலர் பெரிய வெள்ளி விடுமுறையைப் பயன்படுத்தி அன்றைக்கே வாக்களிக்கப் போகிறீர்கள். அதற்கு முதல் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மார்ச் 23இல் தேர்தல் அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் சனம் கூடுகிற இடமெல்லாம் தேர்தல் கதைதான். கோவில் மண்டபத்தில், பிறந்தநாள் விழாவில், ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் எல்லாம் கட்சி விவாதம் நடக்கிறது. அரசியலைப் பற்றிக் கதைக்கவே பயந்து வாழ்ந்த நாட்டிலிருந்து வந்த மக்கள் இப்படி வாய்திறந்து வாதாடுவதைக் கேட்க எனக்கு உண்மையாகவே சந்தோசம். ஆனால் அந்த விவாதம் போகும் வழிதான் கவலையளிக்கிறது. "லிபரல் அஞ்சு புள்ளி முன்னுக்கு நிக்குது" என்கிறார் ஒருவர். "அது போன கிழமைக் கணக்கு, இப்ப மூண்டுதான்" என்கிறார் மற்றவர். "என்டிபிக்குப் போட்டால் வோட்டு வீண்" என்று மூன்றாமவர் முடித்துவைக்கிறார். அரை மணித்தியாலம் கதைத்து எழும்பும்போது வரியைப் பற்றியோ, வீட்டு விலையைப் பற்றியோ, அமெரிக்கச் சுங்கவரியால் ஆட்டம் கண்டிருக்கும் ஒஷாவா கார்த் தொழிற்சாலையைப் பற்றியோ ஒரு வசனம்கூட வந்திருக்காது. யாருக்கு வாக்களிப்பது என்று தொடங்கிய பேச்சு, யார் வெல்வார்கள் என்ற ஊகத்தில் முடிந்துவிடுகிறது.

கருத்துக்கணிப்புகள் பொய் என்று நான் சொல்லவரவில்லை. நானோஸ், லெஜே, அபாக்கஸ், இப்சோஸ் போன்ற நிறுவனங்கள் தெரிந்த முறைப்படி, பொறுப்போடு செய்கிற வேலை அது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்து வாசிக்கவேண்டும் என்பதே என் வாதம்.

நாடு முழுவதும் 1,500 பேரைக் கேட்டு எடுத்த கணிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்தலில் 343 தொகுதிகள். 1,500ஐ 343ஆல் பிரித்தால் ஒரு தொகுதிக்கு நான்கு பேர், கொஞ்சம் கூட. உங்கள் தொகுதியில் உள்ள பல்லாயிரம் வாக்காளர்களுக்காக நான்கு பேர் பேசியிருக்கிறார்கள். அந்த நால்வரில் ஒரு தமிழராவது இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் அம்மம்மா ஆங்கிலத்தில் வரும் தொலைபேசிக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாரா என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1,500 பேரின் கணிப்பில் 20 தடவைக்கு 19 தடவை தவறு மேலே கீழே இரண்டரைப் புள்ளிக்குள் நிற்கும் என்பார்கள். அது ஒரு கட்சியின் ஆதரவுக்கு மட்டும். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான இடைவெளியைப் பார்த்தால் தவறு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மூன்று புள்ளி முன்னிலை என்பதைப் பிடித்துக்கொண்டு சண்டைபோடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இன்னொன்று, இணையக் குழுக்களிடம் எடுக்கிற கணிப்புகளுக்கு இந்தத் தவறுக் கணக்கே முறையாகப் பொருந்தாது. அங்கே மக்கள் எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்படுவதில்லை. தாங்களாகப் பதிந்துகொண்டவர்களிடம்தான் கேட்கிறார்கள்.

சரி, தொகுதிவாரியாக வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டுகிறார்களே, அது என்ன என்று கேட்பீர்கள். தொகுதிக்குத் தொகுதி போய் யாரும் கேட்பதில்லை. கடந்த தேர்தல் முடிவை எடுத்து, மாகாண அளவில் வந்த கணிப்புகளின் ஏற்ற இறக்கத்தை அதன்மேல் பொருத்தி, ஒரு மாதிரி மூலம் கணக்கிடுகிறார்கள். நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அது நல்ல மதிப்பீடுதான். உங்கள் தொகுதிக்கு அது ஊகம். அதிலும் இம்முறை தொகுதி எல்லைகளே மாறியிருக்கின்றன. ரொறன்ரோ நகரம் ஒரு தொகுதியை இழந்து 24 தொகுதிகளோடு நிற்கிறது. சென்ற முறை நீங்கள் வாக்களித்த தொகுதியின் பெயர் இம்முறை இல்லாமலும் இருக்கலாம்.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் தேர்தலுக்கு முந்திய மூன்று நாள் புதிய கணிப்புகளை வெளியிடத் தடை இருந்தது. 1998இல் தொம்சன் பத்திரிகை நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வாக்காளர்கள் தாங்களே சீர்தூக்கிப் பார்க்கக்கூடியவர்கள் என்ற நம்பிக்கையில் எழுந்த தீர்ப்பு அது. அதோடு, கணிப்பை முதலில் வெளியிடுவோர் யார் பணம் கொடுத்தார், யார் எடுத்தார், எந்தத் திகதியில், எத்தனை பேரிடம், தவறின் அளவு எவ்வளவு என்று சொல்லியாகவேண்டும் எனத் தேர்தல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அடுத்த முறை ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை வேறு விடயத்துக்குத் திருப்புங்கள்.

கணிப்பு சரியாக இருந்தாலும் அதைப் பார்த்து முடிவெடுப்பது ஏன் பிழையாகிறது என்பதற்கு 2015ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பல கணிப்புகளில் தோமஸ் மல்கேர் தலைமையிலான என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) முன்னுக்கு நின்றது. ஒக்டோபர் 19இல் அது 44 இடங்களோடு மூன்றாவதாக வந்தது. 184 இடங்களோடு ஆட்சியமைத்தது லிபரல். ஆகஸ்ட் கணிப்பு பிழையில்லை. மக்கள் இரண்டு மாதத்தில் மனம் மாறினார்கள். இந்த ஆண்டு இன்னும் வேகம். ஜனவரியில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ விலகப்போவதாக அறிவித்த நேரம் கொன்சவேட்டிவ் கட்சி 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தது. மார்க் கார்னி லிபரல் தலைவரானார், ட்ரம்ப் சுங்கவரி போட்டார், மார்ச் நடுப்பகுதிக்குள் அந்த முன்னிலை கரைந்துபோனது. ஜனவரியில் "எல்லாம் முடிஞ்சுது" என்றவர்கள் இன்றைக்கும் அதே உறுதியோடு "எல்லாம் முடிஞ்சுது" என்கிறார்கள், கட்சியின் பெயரை மட்டும் மாற்றி.

இனி, வாக்கு வீணாகும் என்ற பயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களை அதிகம் பிடித்து ஆட்டுவது இதுதான்.

2015 முதல் நடந்த மூன்று பொதுத்தேர்தல்களிலும் ஸ்காபரோத் தொகுதிகள் எல்லாவற்றையும் லிபரல் கட்சியே வென்றது. ஸ்காபரோ-ரூஜ் பார்க்கில் கரி ஆனந்தசங்கரி 60 சதவீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். அப்படிப்பட்ட தொகுதியில் வாழும் ஒருவர், மனதுக்குப் பிடித்தது என்டிபியாக இருக்க, கொன்சவேட்டிவைத் தடுப்பதற்காக லிபரலுக்குப் போடுகிறேன் என்றால் அவர் எதைத் தடுக்கிறார்? அவர் தொகுதியில் தடுக்க எதுவும் இல்லை. கொன்சவேட்டிவ் ஆதரவாளர் எப்படியும் தோற்போம் என்று வீட்டில் இருந்துவிடுவதும் இதே பிழையின் மற்றப் பக்கம். மார்க்கம்-யூனியன்வில் வேறு கதை. 2019இல் கொன்சவேட்டிவுக்கும் 2021இல் லிபரலுக்கும் போன தொகுதி அது. அங்கே வாழ்கிறவர் கணக்குப் பார்த்து இரண்டாவது விருப்பத்துக்கு வாக்களித்தால் நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்குக்கு வேண்டியது தொகுதியின் கடந்தகால முடிவுகளும் இம்முறை நிற்கும் வேட்பாளர்களின் தரமும். நாடளாவிய கணிப்பில் அவை இரண்டும் கிடைக்காது.

தோற்கும் கட்சிக்குப் போட்ட வாக்கும் வேலை செய்கிறது. ஒரு வேட்பாளர் தன் தொகுதியில் 10 சதவீதம் எடுத்தால் தேர்தல் செலவில் 60 சதவீதம் அவருக்குத் திரும்பிவரும். அடுத்த முறை அவர் அல்லது அவர் கட்சி அங்கே தலைநிமிர்ந்து நிற்க அது உதவும். 12 இடங்கள் கிடைத்தால்தான் ஒரு கட்சிக்குப் பாராளுமன்றத்தில் அதிகாரபூர்வ அந்தஸ்து. 2021இல் என்டிபிக்குக் கிடைத்தது 17.8 சதவீத வாக்கும் 25 இடங்களும். ஆட்சி அமைக்காத அந்த 25 பேர்தான் 2022 மார்ச்சில் சிறுபான்மை லிபரல் அரசோடு ஒப்பந்தம் செய்து பல் பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். இன்று எங்கள் அம்மாக்களும் அப்பாக்களும் அந்தத் திட்டத்தின் அட்டையோடு பல் வைத்தியரிடம் போய்வருகிறார்கள். அந்தக் கட்சியை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. "வீண்" என்று சொல்லப்பட்ட வாக்குகளில் இருந்து வந்த திட்டம் அது என்பதை மறக்கவேண்டாம்.

எங்கள் சமூகத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஸ்காபரோ-ரூஜ் ரிவர் தொகுதி 1988 முதல் லிபரலின் கையில் இருந்தது. 2011இல் அங்கே என்டிபி சார்பில் நின்றார் ராதிகா சிற்சபைஈசன். பிரசாரம் தொடங்கிய நாட்களில் யாராவது கணிப்பைப் பார்த்து அவருக்கு வாக்களிக்கச் சொல்லியிருப்பார்களா? அவர் வென்றார். கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் அவர். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய பெடியள், பெட்டையளின் உழைப்பு அது. 2015இல் அதே சமூகம் வேறு முடிவெடுத்தது. இரண்டும் எங்கள் உரிமை.

இதோடு சேர்த்து இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும், சிலருக்கு நோகும் என்றாலும். "எங்களை ஏற்றது லிபரல், அதுக்கு நன்றி மறக்கக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்வதைச் சிறுவயதிலிருந்து கேட்டுவளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நன்றி நல்ல குணம்தான். ஆனால் வரலாற்றைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். 1983 கறுப்பு ஜூலைக்குப் பின் எங்களுக்கென்று குடிவரவில் சிறப்பு ஏற்பாடு செய்தது பியேர் ட்ரூடோவின் லிபரல் அரசு. 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை உள்ளூர் மீனவர்கள் கரைசேர்த்தபோது பிரதமராக இருந்தவர் பிரையன் மல்ரோனி, முற்போக்குக் கொன்சவேட்டிவ் கட்சிக்காரர். நாட்டில் எதிர்ப்பு எழுந்தும் அவர்களைத் திருப்பி அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. 2010இல் எம்வி சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது ஸ்டீபன் ஹார்ப்பரின் கொன்சவேட்டிவ் அரசு அவர்களைத் தடுத்துவைத்தது. தாய்மாரோடு பிள்ளைகளும் தடுப்பில் இருந்தார்கள். பிறகு கூட்டமாக வருவோரைத் தடுத்துவைக்கச் சட்டமும் கொண்டுவந்தார்கள். ஒன்ராறியோவில் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்துக்கான சட்டத்தை முன்மொழிந்தவரோ மாகாண முற்போக்குக் கொன்சவேட்டிவ் உறுப்பினர் விஜய் தணிகாசலம். மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்ற பிரேரணையை 2022இல் ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் ஒருமனதாக நிறைவேற்றின. இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரு கட்சிக்குப் பரம்பரையாகப் பட்ட கடன் எங்களிடம் இல்லை. கட்சிகளும் மாறியிருக்கின்றன. நாங்களும் மாறியிருக்கிறோம்.

அப்படியானால் எதைப் பற்றித்தான் வாதாடுவது? இருப்பதை எல்லாம் கதைக்கவே பத்து நாள் போதாது.

வரியை எடுங்கள். கார்னி மிகக் குறைந்த வருமானப் படியின் வரியை 15 சதவீதத்திலிருந்து 14 ஆக்குகிறேன் என்கிறார். கொன்சவேட்டிவ் தலைவர் பியேர் பொலியேவ் 12.75 ஆக்குகிறேன் என்கிறார். இரண்டு பேர் உழைக்கும் குடும்பத்துக்கு லிபரல் கணக்கில் ஆண்டுக்கு 825 டொலர் வரை, கொன்சவேட்டிவ் கணக்கில் 1,800 டொலர் வரை மிச்சம். என்டிபி தலைவர் ஜக்மீத் சிங் வரிகட்டாமல் உழைக்கக்கூடிய அடிப்படைத் தொகையை 19,500 டொலராக உயர்த்துவேன் என்கிறார். கேட்க எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்தப் பணம் எந்தச் செலவைக் குறைத்து வரும்? இரண்டு பெரிய கட்சிகளும் செலவுக் கணக்கோடு முழுமையான தேர்தல் அறிக்கையை இன்றுவரை வெளியிடவில்லை. மூன்று நாளில் வாக்களிப்பு தொடங்குகிறது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. கணிப்பைப் பற்றி எழுகிற சத்தத்தில் இதை யாரும் உரத்துக் கேட்கவில்லை.

வீடு வாங்கக் காத்திருக்கும் இளம் குடும்பங்களே, முதல் வீடு வாங்குவோருக்கு 10 லட்சம் டொலர் வரையான புது வீட்டில் ஜிஎஸ்டி இல்லை என்கிறது லிபரல். முதல் வீடோ இல்லையோ, 13 லட்சம் வரையான புது வீடு எதற்கும் இல்லை என்கிறது கொன்சவேட்டிவ். உங்களுக்கு எது உதவும், எது வீட்டு முதலீட்டாளருக்குப் போய்ச்சேரும் என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

ஊரில் தாய் தகப்பன் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விடயம். பெற்றோரையும் பேரப்பெற்றோரையும் நிரந்தரமாக அழைக்கும் திட்டத்துக்கு இந்த ஆண்டு இதுவரை புது விண்ணப்பங்கள் எடுக்கப்படவில்லை. சுப்பர் விசா இருக்கிறது, ஆனால் அது வருகைதான், வதிவுரிமை இல்லை. உங்கள் கதவைத் தட்டும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். தேர்தல் முடிந்து ஆறு மாதத்தில், அம்மாவின் விசா இழுபட்டால், நீங்கள் போய் நிற்கப்போவது கார்னியின் வாசலிலோ பொலியேவின் வாசலிலோ அல்ல. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில்தான். ஆகவே அந்த ஆள் யார், வேலைசெய்பவரா, தொலைபேசியை எடுப்பவரா என்பதும் கணக்கில் வரவேண்டும். வாக்குச்சீட்டில் தமிழ்ப் பெயர் இருந்தால் எனக்கும் மனம் பூரிக்கும். ஆனாலும் இந்தக் கேள்விகளை அந்த வேட்பாளரிடம் முதலில் கேட்கவேண்டும், கடைசியில் அல்ல.

நேற்று நடந்த ஒன்றைப் பற்றியும் நாங்கள் நிச்சயம் வாதாடவேண்டும். பல கொலைகள் செய்தவர்களுக்கு ஆயுள்தண்டனையை ஒன்றன்பின் ஒன்றாக விதிக்க, உரிமைகள் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்துவேன் என்று பொலியேவ் மொன்றியலில் அறிவித்தார். நீதிமன்றத் தீர்ப்பை மீறிப் பாராளுமன்றம் சட்டம் செய்ய இடம்தரும் பிரிவு அது. மத்திய அரசு எதுவும் இதுவரை அதைத் தொட்டதில்லை. பிள்ளையைக் கொலைக்குப் பறிகொடுத்த குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாக்குறுதியின் வலு புரிகிறது. எனக்கு இதில் அச்சமே கூட. 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அகதிக் கோரிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நேரில் வாய்திறந்து பேச ஒரு விசாரணை தரவேண்டும் என்றது. தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளில் மூவர் அந்தச் சாசனத்தின் 7ஆம் பிரிவை வைத்தே அப்படிச் சொன்னார்கள். எங்களில் ஆயிரக்கணக்கானோர் இங்கே வேரூன்ற அந்த விசாரணைதான் வழிதந்தது. 7ஆம் பிரிவும் 33ஆம் பிரிவைக் கொண்டு ஒதுக்கக்கூடிய ஒன்று. நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம். வாருங்கள், அதை வாதாடுவோம். ஐந்து புள்ளியா மூன்று புள்ளியா என்பதைவிட இது எங்கள் வாழ்க்கைக்குக் கிட்டவான கேள்வி.

ஒரு சின்ன விடயம். வைத்தியசாலை அவசரப் பிரிவில் காத்திருப்பு, பள்ளிக்கூட வகுப்பு அளவு, பேருந்து பிந்துவது ஆகியவற்றை நேரடியாக நடத்துவது மாகாணமும் நகரசபையும். பெப்ரவரியில்தான் மாகாணத் தேர்தல் முடிந்தது. அவற்றின் மீதான கோபத்தை இந்த வாக்குச்சீட்டில் இறக்கினால் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

கடைசியாக, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. பல வீடுகளில் வாக்காளர் தகவல் அட்டை வந்ததும் அம்மா மகனிடம் "ஆருக்குப் போடுறது?" என்று கேட்கிறார். மகன் ஒரு பெயரைச் சொல்கிறான். விவாதம் அதோடு முடிந்துவிடுகிறது. முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு இந்த நாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையா? பெயரைச் சொல்லுமுன் "உங்களுக்கு எது முக்கியம் அம்மா?" என்று கேளுங்கள். மருந்துச் செலவா, ஓய்வூதியமா, ஊரில் இருக்கும் தம்பியா? அவர் சொன்னதற்குக் கட்சிகள் என்ன சொல்கின்றன என்று வாசித்துக்காட்டுங்கள். வாக்களிப்பது பற்றிய தகவல்களை எலெக்சன்ஸ் கனடா தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. சீட்டில் அடையாளமிட உதவி தேவைப்படுகிறவர் நம்பிக்கையான ஒருவரைத் தன்னோடு கூட்டிச்செல்லலாம். கூடப்போகிறவர் அவர் சொன்ன பெயருக்கு நேரேதான் அடையாளமிட வேண்டும்.

இன்னும் குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிடத்தோடு இருப்பவர்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் வேட்பாளர் கூட்டங்களுக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம், பிடித்தவருக்காகக் கதவு தட்டலாம். நாளை பிரெஞ்சிலும், வியாழன் இரவு ஆங்கிலத்திலும் தலைவர்களின் விவாதம் மொன்றியலில் நடக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் யார் வென்றார் என்று கணிப்பு வருமுன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எந்தப் பதில் உங்களுக்குப் போதவில்லை என்று கதையுங்கள்.

முற்கூட்டிய வாக்களிப்பு ஏப்ரல் 18 வெள்ளி முதல் 21 திங்கள் வரை, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை. தேர்தல் நாளில் எங்கள் பக்கத்தில் காலை 9:30 முதல் இரவு 9:30 வரை. அன்று வேலை உள்ளவர்களுக்கு வாக்களிக்கத் தொடர்ந்து மூன்று மணித்தியாலம் கிடைக்கவேண்டும் என்பது சட்டம். உங்கள் வேலைநேரம் அதற்கு இடம்தராவிட்டால், சம்பளம் வெட்டாமல் முதலாளி அந்த நேரத்தை ஒதுக்கித் தரவேண்டும். இரவு வேலை, இரட்டை வேலை செய்கிறவர்கள் இதைத் துணிந்து கேளுங்கள். பெயரும் முகவரியும் உள்ள அடையாள அட்டையை மறக்கவேண்டாம். தகவல் அட்டையில் உள்ள தொகுதிப் பெயரை இன்றைக்கே பார்த்து, அங்கே நிற்கும் வேட்பாளர்கள் யார் யார் என்று தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாக்காளர்
ஏப்ரல் 15, 2025